படகு இன்ஜினின் குளிர்விப்பும் மின்னிணைப்பும்: வாசகர் கேள்விகள், பதில்கள்

படகு இன்ஜின் பற்றி வந்த கடிதங்களில், இன்ஜின் சூடாவது குறித்தும் மின்னிணைப்புகள் குறித்தும் எழுதப்பட்டவற்றை இந்த இதழுக்காகச் சேர்த்து எடுத்துக்கொண்டோம். இவ்விரண்டையும் தனித்தனித் துறைகளாக நினைத்துத்தான் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் படகில் ஒன்றின் பழுது மற்றொன்றில் போய் வெளிப்படுவது வழக்கமாக நடப்பது என்பதைக் கீழே உள்ள பதில்களில் காணலாம்.

கேள்வி: என் படகில் டீசல் இன்ஜின் உள்ளது. நிதானமான வேகத்தில் மணிக்கணக்காக ஓடினாலும் வெப்பமானியின் முள் அசைவதில்லை. முழு வேகத்துக்குக் கொண்டுபோனால் சிறிது நேரத்தில் முள் சிவப்பை நெருங்குகிறது. கடல்நீர் பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரை அண்மையில்தான் மாற்றினேன். பழையதில் இரண்டு இதழ்கள் உடைந்திருந்தன. சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் இன்ஜின் வேலை தெரிந்த ஒருவர். அப்படிச் செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். காரணத்தின் நுனி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: பழைய இம்பெல்லரின் உடைந்த இரண்டு இதழ்கள் எங்கே போயின? அவற்றைக் கண்டெடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. பம்பிலிருந்து கிளம்பும் ரப்பர் துண்டு நீரோட்டத்தோடு சென்று, வழியில் முதலில் எதிர்ப்படும் குறுகிய இடத்தில் சிக்கிக்கொள்ளும். பெரும்பாலான இன்ஜின்களில் அந்த இடம், இன்ஜினின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் வெப்பமாற்றியின் முகப்பு அல்லது கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாயின் நுழைவாய். நிதானமான வேகத்தில் இன்ஜின் வெளியேற்றும் வெப்பம் குறைவு என்பதால், பாதி அடைபட்ட வழியும் போதுமானதாக இருக்கிறது. முழு வேகத்தில் வெப்பம் பல மடங்காகும்போது அந்த வழி போதாமல் போகிறது. வேகம் கூடினால் மட்டும் சூடாகும் இன்ஜினில், நீரின் அளவு குறைந்திருக்கிறதா, வெப்பம் கைமாறும் பரப்பில் உப்புப் படிந்திருக்கிறதா என்ற இரண்டையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கடல்நீர் வால்வை மூடிவிட்டு, ஆறிய இன்ஜினில், நீர் வரும் வழியிலேயே தேடிக்கொண்டு செல்லுங்கள். வடிகட்டியில் பாசியும் பிளாஸ்டிக் தாளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வடிகட்டிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள ஹோஸ் பழையதாகித் தளர்ந்திருந்தால், பம்ப் வேகமாக உறிஞ்சும்போது அதன் சுவர்கள் உள்ளே ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். இன்ஜின் நின்றதும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுவதால் இந்தப் பழுது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. அடுத்து வெப்பமாற்றியின் பக்க மூடிகளைக் கழற்றி, ரப்பர் துண்டுகளையும் மற்ற உலோகம் அரிக்கப்படாமல் காக்கத் தானே கரையும்படி வைத்த துத்தநாகக் குச்சியிலிருந்து உதிர்ந்த துணுக்குகளையும் வெளியே எடுங்கள். கிடைத்த துண்டுகளைப் பழைய இம்பெல்லரோடு பொருத்திப் பார்த்து, இரண்டு இதழ்களும் முழுமையாக வந்துவிட்டன என்று உறுதியான பிறகே மூடியைப் பூட்டுங்கள். இறுதியாக, புகையும் கடல்நீரும் கலக்கும் வளைகுழாயைக் கழற்றிப் பாருங்கள். கரியும் உப்பும் சேர்ந்து அதன் துளையைச் சிறுகச் சிறுக அடைத்துவிடும். பல ஆண்டுகள் திறக்காத வளைகுழாயில் விரல்கூட நுழையாத அளவுக்கு வழி குறுகியிருப்பது உண்டு.

வெப்பமாற்றியின் குழாய்களில் வெள்ளையாகப் படிவம் கெட்டிப்பட்டிருந்தால் அமிலம் கலந்த கரைசலால் கழுவ நேரிடும். அதற்கு முன் துத்தநாகக் குச்சியைக் கழற்றிவிட வேண்டும். துத்தநாகமும் அமிலமும் சேர்ந்தால் எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு உண்டாகும். காற்றோட்டமுள்ள வெளியிடத்தில், கண்ணாடியும் கையுறையும் அணிந்து, நீரில் அமிலத்தை ஊற்றிக் கலக்க வேண்டுமே தவிர, அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது.

தெர்மோஸ்டாட்டுக்கு வருவோம். அது இல்லாமல் ஓடும் டீசல் இன்ஜின் உரிய வெப்பநிலையை எட்டாது. எரிபொருள் முழுமையாக எரியாமல் கரி சேரும், எண்ணெயில் கசடு படியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் குறுக்குவழி மூடப்படுகிறது. அதை எடுத்துவிட்டால் இன்ஜினுக்குள் சுற்றும் குளிர்விப்புத் திரவமான கூலன்ட்டில் ஒரு பகுதி வெப்பமாற்றிக்குப் போகாமல் குறுக்குவழியிலேயே சுற்றி, இன்ஜின் முன்னைவிட அதிகமாகச் சூடாகும். சந்தேகம் இருந்தால் தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத்து நீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்கி, அதன் மேல் பொறித்திருக்கும் வெப்பநிலையில் திறக்கத் தொடங்குகிறதா என்று பாருங்கள். புதிதாக வாங்கும்போதும் அந்த எண்ணைக் கவனியுங்கள்: கடல்நீரே நேரடியாக இன்ஜினுக்குள் சுற்றும் அமைப்பில், சூடு ஏற ஏற உப்புப் படிவம் விரைவுபடும் என்பதால் ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸில் திறக்கும் தெர்மோஸ்டாட் பொருத்தப்படுகிறது, கூலன்ட் சுற்றும் மூடிய அமைப்பில் இது பொதுவாக 80 டிகிரியை ஒட்டி இருக்கும். ஒன்றை மற்றொன்றில் மாட்டக் கூடாது.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போது வெப்ப எச்சரிக்கை ஒலித்தால் உடனே செய்ய வேண்டியது என்ன? கூலன்ட் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: சூடான இன்ஜினின் மூடியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். மூடிய அமைப்பு அழுத்தத்தில் இயங்குகிறது. வளிமண்டல அழுத்தத்தைவிட ஒரு பார் கூடுதலான அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரியில்தான் கொதிக்கும். அந்த நிலையில் மூடியைத் தளர்த்தினால் அழுத்தம் சட்டென்று இறங்கி, உள்ளே இருப்பது கொதித்து நீராவியோடு முகத்திலும் கைகளிலும் பீறிட்டு அடிக்கும். குறுகிய இன்ஜின் அறைக்குள் குனிந்திருப்பவருக்கு விலகிக்கொள்ள இடமும் இருக்காது.

எச்சரிக்கை ஒலித்ததும் வேகத்தைக் குறைத்து, புகைக்குழாயின் வாயில் நீர் வருகிறதா என்று பாருங்கள். நீர் வந்தால் சுமையில்லாமல் மெதுவாகச் சிறிது நேரம் ஓடவிடுவது வெப்பத்தைச் சீராக இறக்கும். முள் இறங்கவில்லை என்றால் நிறுத்துங்கள். நீர் வரவில்லை, வெறும் புகையும் ஆவியும் வருகின்றன என்றால், படகை நங்கூரமிட்டோ ஆபத்தான இடத்திலிருந்து விலக்கியோ உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும். வெளிப்புறத்தில் குளிர்ந்த நீரை ஊற்றுவது வார்ப்பிரும்பை விரிசலிடச் செய்யும்.

கையை வைத்துத் தாங்கும் அளவுக்கு ஆறிய பிறகு, தடித்த துணியால் மூடியைப் பிடித்து, முதல் நிலை வரை மட்டும் திருப்பி, அழுத்தம் வெளியேறும் வரை காத்திருங்கள். கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது, வெளியே கசிவு எதுவும் இல்லை என்றால், சிலிண்டர்களின் மேல்மூடிக்கு அடியிலுள்ள தகடான ஹெட் கேஸ்கெட்டையோ வெப்பமாற்றியின் குழாய்களையோ ஆராய வேண்டிய நேரம் வந்துவிட்டது. எண்ணெய்க் குச்சியில் பால் கலந்தது போன்ற நிறம் தெரிந்தால் எண்ணெயில் நீர் கலந்திருக்கிறது, இன்ஜினை மீண்டும் இயக்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் இனிப்புச் சுவையுடைய நஞ்சு என்பதால், சிந்தியதைத் துடைத்து, வடித்ததைக் குழந்தைகளுக்கும் விலங்குகளுக்கும் எட்டாத மூடிய பாத்திரத்தில் வையுங்கள்.

நீரில்லாமல் சிறிது நேரம் ஓடிய இன்ஜினில், ரப்பர் புகைக்குழாயையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளுறை உரிந்து கருகியிருக்கலாம். அங்கிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. தலைவலியும் குமட்டலும் வரும்போது கடல் நோய் என்று நினைத்து அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்வதுதான் இதில் பெரிய ஆபத்து. அறைக்குள் அதற்கான எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்துவது மிகவும் அவசியம்.

கேள்வி: ஒரு நாள் இன்ஜின் ஸ்டார்ட் ஆக மறுத்தது. மீண்டும் மீண்டும் முயன்றுகொண்டிருந்தபோது, அருகிலிருந்த அனுபவசாலி ஒருவர் கடல்நீர் வால்வை மூடும்படி கத்தினார். மூடினேன், ஆனால் காரணம் புரியவில்லை.

பதில்: அவர் உங்கள் இன்ஜினைக் காப்பாற்றியிருக்கிறார். ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினைச் சுழற்றும் ஒவ்வொரு முறையும் கடல்நீர் பம்பும் சேர்ந்து சுழன்று, புகைக்குழாய்க்குள் நீரைத் தள்ளுகிறது. இன்ஜின் இயங்கியிருந்தால் புகையின் வேகம் அந்த நீரை வெளியேற்றிவிடும். இயங்காதபோது தள்ளுவதற்குப் புகை இல்லை. நீர் சைலன்சரில் நிரம்பி, மட்டம் உயர்ந்து, திறந்திருக்கும் புகை வால்வுகள் வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். நீரை அமுக்க முடியாது. அடுத்த சுழற்சியில் பிஸ்டன் அந்த நீரில் மோதி, பிஸ்டனோடு இணைந்த தண்டான கனெக்டிங் ராடு வளையக்கூடும். ஆகவே இரண்டு மூன்று முயற்சிகளில் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் கடல்நீர் வால்வை மூடிவிட்டு முயன்று, பிடித்த உடனே மறக்காமல் திறக்க வேண்டும். திறக்கத் தாமதித்தால் இம்பெல்லர் வறண்டு சுழன்று கெட்டுவிடும். இன்ஜினை நிறுத்திவிட்டு வால்வை மூடும்போது இன்ஜின் சாவியை அதன் கைப்பிடியிலேயே மாட்டிவைப்பது பல படகோட்டிகளின் நல்ல வழக்கம்.

சுழன்றுகொண்டிருந்த இன்ஜின் திடீரென்று இறுகி நின்றுவிட்டால் மேலும் சுவிட்சை அழுத்தாதீர்கள். டீசல் இன்ஜினில் இன்ஜெக்டர்களையும், பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, கையால் மெதுவாகச் சுழற்றி நீரை வெளியேற்ற வேண்டும். எண்ணெயில் கலந்த நீர் நீங்கும் வரை அதை ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாற்ற வேண்டியிருக்கும். இந்த வேலையை நாளைக்கு என்று தள்ளிவைக்கக் கூடாது, ஏனென்றால் உப்புநீர் ஓரிரவிலேயே சிலிண்டரின் சுவரில் துருவை ஏற்றிவிடும்.

இன்ஜினை நிறுத்திவைத்திருக்கும்போதே சிலிண்டருக்குள் நீர் வந்திருந்தால், காரணம் வேறு. புகைக்குழாயில் நீர் சேரும் இடம் படகின் நீர்மட்டத்துக்கு அருகிலோ கீழோ இருக்கும் படகுகளில், கடல்நீர் தானாகவே உள்ளே இழுக்கப்படாமல் தடுக்க, மேலே உயர்த்தி வளைத்த ஹோஸும் அதன் உச்சியில் காற்று நுழையும் சிறு வால்வும் வைத்திருப்பார்கள். அந்தச் சிறு வால்வில் உப்புப் பூத்து அடைத்துக்கொண்டால் தடுப்பு வேலை செய்யாது. அவ்வப்போது கழற்றி நன்னீரில் கழுவுங்கள்.

கேள்வி: சார்ஜ் விளக்கும் வெப்ப எச்சரிக்கையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்தன. எந்தப் பழுதை முதலில் பார்ப்பது?

பதில்: இரண்டும் ஒரே பழுதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பல இன்ஜின்களில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரையும் கூலன்ட்டைச் சுற்றவைக்கும் பம்பையும் ஒரே பெல்ட்தான் சுழற்றுகிறது. அது அறுந்தாலோ வழுக்கினாலோ மின்சாரமும் குளிர்விப்பும் சேர்ந்தே நின்றுவிடும். முதலில் சார்ஜ் விளக்கு எரியும். வெப்பம் ஏறச் சற்று நேரம் ஆகும் என்பதால் எச்சரிக்கை ஒலி பின்னால் வரும். விளக்கு எரிந்த அந்த நொடியிலேயே வெப்பமானியைப் பார்க்கப் பழகியவர் இன்ஜின் சூடாவதற்கு முன்பே நிறுத்திவிடலாம்.

இரண்டு கப்பிகளுக்கு நடுவே பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் உள்வாங்குவது பொதுவான அளவு. உங்கள் இன்ஜினின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். பெல்ட்டைச் சுற்றிக் கருப்புத் தூள் படிந்திருந்தால் அது வழுக்குகிறது அல்லது கப்பிகள் நேர்க்கோட்டில் இல்லை. சாவியை எடுத்து, பேட்டரியின் முதன்மைச் சுவிட்சையும் அணைத்த பிறகுதான் பெல்ட்டின் மேல் கை வைக்க வேண்டும். ஆனால் இன்ஜின் ஓடும்போது அந்தச் சுவிட்சை ஒருபோதும் அணைக்காதீர்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து பாயும் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் வோல்டேஜ் எகிறி, அதன் டயோடுகள் எரிந்துபோகும்.

பெல்ட் சரியாக இருந்தால், பம்பின் சீல் வழியாக நீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். பம்புக்குக் கீழே ஆல்டர்னேட்டரோ ஸ்டார்ட்டர் மோட்டாரோ இருந்தால், நாளெல்லாம் சொட்டும் உப்புநீர் மின்கருவியைக் கெடுத்துவிடும். கெட்ட ஸ்டார்ட்டரை மட்டும் மாற்றி, சொட்டும் சீலை விட்டுவிட்டால் புதியதும் அதே வழியில் போகும்.

கேள்வி: படகின் 12 வோல்ட் பேட்டரியை நானே பராமரிக்க விரும்புகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனை வெளிவிடுகிறது. காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே இந்த வாயு தீப்பற்றி வெடிக்கக்கூடியது என்பதால், பேட்டரி இருக்கும் பெட்டியின் மேற்புறத்தில் காற்றுப் போக வழி இருக்க வேண்டும், அருகில் பொறி எழும் எந்தக் கருவியும் இருக்கக் கூடாது. வேலை தொடங்குமுன் மோதிரத்தையும் உலோகக் கடிகாரத்தையும் கழற்றிவையுங்கள், கண்ணாடி அணியுங்கள், சார்ஜரை அணைத்துச் சிறிது நேரம் காற்றாட விடுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இந்த வரிசையைப் பின்பற்றினால், பாசிட்டிவ் முனையைத் திருகும் ஸ்பேனர் தவறி இன்ஜின் உடலைத் தொட்டாலும் பொறி எழாது.

அமிலம் தெறித்தால் நிறைய நன்னீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது கால் மணி நேரம் கழுவிக்கொண்டே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள். பேட்டரிக்குள் கடல்நீர் புகுந்து அமிலத்தோடு சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு எழக்கூடும். படகு சாயும்போது நகராதபடி பேட்டரியை இறுக்கிக் கட்டுவதற்கும், படகின் அடியில் தேங்கும் நீர் எட்டாத உயரத்தில் வைப்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

சார்ஜ் எதுவும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்ந்திருந்த பேட்டரி 12.6 முதல் 12.7 வோல்ட் காட்டினால் முழுமையாக நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 11.9-க்குக் கீழே என்றால் ஏறக்குறையக் காலி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருப்பது இயல்பு. அதைத் தாண்டி 15-ஐ எட்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுதாகி, பேட்டரி கொதிக்கிறது என்று பொருள். காய்ச்சி வடித்த நீரைச் சார்ஜ் முடிந்த பிறகே ஊற்ற வேண்டும், முன்பே நிரப்பினால் அமிலம் பொங்கி வழியும். தகடுகள் வெளியே தெரிந்தால் மட்டும் அவை மூழ்கும் அளவுக்கு முன்னதாகச் சிறிது ஊற்றலாம்.

கேள்வி: புதிதாக ஒரு விளக்குத் தொகுதியும், படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பம்பும் பொருத்தினேன். அடிக்கடி ஃப்யூஸ் போகிறது, ஒயரும் சூடாகிறது. பெரிய ஃப்யூஸ் போட்டால் நிற்கும் என்கிறார்கள்.

பதில்: நிற்கும்; அதன் பிறகு ஃப்யூஸுக்குப் பதிலாக ஒயர் எரியும். ஃப்யூஸ் காப்பது ஒயரைத்தான். ஒயர் தாங்கும் அளவுக்கு மேல் ஃப்யூஸ் போடுவது, தீ பிடிப்பதற்கு முன் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரே பொருளை நாமே அகற்றிவிடுவதற்குச் சமம். நடுக்கடலில் தீயிலிருந்து தப்பி ஓட இடமில்லை என்பதால் இதில் எந்தச் சமரசத்துக்கும் நான் உடன்பட மாட்டேன்.

உங்கள் ஒயர் மெல்லியது என்றே தோன்றுகிறது. 10 ஆம்பியர் இழுக்கும் கருவி பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். மின்சாரம் போகவும் வரவும் மொத்தம் 10 மீட்டர் ஒயர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் ஏறக்குறைய 0.7 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும், அதாவது 12 வோல்ட்டில் 6 விழுக்காடு. அதே தொலைவுக்கு 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். வழிகாட்டும் விளக்குகள் போன்ற முக்கியமான இணைப்புகளில் இழப்பு 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது படகு மின்னிணைப்பில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. மற்றவற்றுக்கு 10 விழுக்காடு வரை விடலாம்.

ஒயர் முழுவதும் சூடாகாமல் ஓர் இணைப்பில் மட்டும் சூடு தெரிந்தால், அந்த இணைப்பைத் திறந்து பாருங்கள். பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். வீட்டுக்குப் பயன்படும் ஒற்றைக் கம்பி ஒயர் படகின் அதிர்வில் முறிந்துவிடும். வெறும் செம்பு இழைகளில் உப்புக் காற்று உறைக்குள்ளேயே ஊர்ந்து களிம்பேற்றும். வெள்ளீயம் பூசிய பல இழை ஒயரும், சரியான கருவியால் அழுத்திப் பொருத்திய முனைகளும், அவற்றின் மேல் சூட்டில் சுருங்கி உள்ளே பசையோடு ஒட்டிக்கொள்ளும் உறையும்தான் நிலைத்து நிற்கும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளைக் கண்ட இடத்திலெல்லாம் வெட்டி எறியுங்கள்.

ஃப்யூஸை விளக்குக்கு அருகில் வைத்துப் பயனில்லை. பேட்டரியிலிருந்து புறப்படும் பாசிட்டிவ் ஒயரில், இயன்றவரை பேட்டரிக்கு அருகிலேயே வைக்க வேண்டும். அமெரிக்கப் படகு மற்றும் யாட் மன்றத்தின் தரநிலை, ஸ்டார்ட்டர் ஒயருக்கு மட்டும் விலக்களித்து, பொதுவாக 18 சென்டிமீட்டர் தொலைவையும் சில விதிவிலக்குகளையும் குறிப்பிடுகிறது. நீர் இறைக்கும் பம்பைத் தனி ஃப்யூஸோடு முதன்மைச் சுவிட்சுக்கு முன்னால் இணையுங்கள். படகில் ஆளில்லாதபோதும் அது இயங்க வேண்டும்.

பெட்ரோல் இன்ஜின் உள்ளே பொருத்திய படகு என்றால் இன்னும் ஒன்று. கார் ஸ்டார்ட்டரும் கார் ஆல்டர்னேட்டரும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும், உள்ளே எழும் பொறி வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி அவை அமைக்கப்பட்டவை அல்ல. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கி நிற்கும். விலை குறைவு என்பதற்காக அவற்றை மாட்டாதீர்கள். ஸ்டார்ட் செய்யும் முன் குறைந்தது நான்கு நிமிடம் இன்ஜின் அறையின் காற்றுவிசிறியை ஓடவிட்டு, முகர்ந்து பார்த்த பிறகே சாவியைத் திருப்புங்கள்.

கேள்வி: படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டாரில், குளிர்விக்கும் நீர் ஓடுவதைக் காட்டிப் பக்கவாட்டில் பீறிடும் நீர்த்தாரை மெலிந்துவிட்டது. ஆபத்தா?

பதில்: முதலில் தாரை வெளிவரும் சிறு துளையில் மணலோ உப்போ அடைத்திருக்கிறதா என்று மெல்லிய நைலான் இழையால் குத்திப் பாருங்கள். துளை திறந்திருந்தும் தாரை மெலிந்தே இருந்தால் இம்பெல்லரை மாற்றும் வரை மோட்டாரை ஓட்டாதீர்கள். கடலில் ஓடித் திரும்பிய ஒவ்வொரு முறையும் நன்னீரால் உட்புறத்தைக் கழுவுவது பலன் தரும்; ஆனால் நீரிணைப்பு இல்லாமல் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்ப்பதுகூட ரப்பர் இதழ்களைக் கருக்கிவிடும்.

கேள்வி: கரையிலிருந்து மின்சாரம் இணைக்கத் தொடங்கிய பிறகு, படகின் துத்தநாகத் துண்டுகள் முன்னைவிட வெகு விரைவில் கரைகின்றன. எர்த் ஒயரைத் துண்டித்தால் நின்றுவிடும் என்று கேள்விப்பட்டேன்.

பதில்: கரைவது நிற்கலாம், உயிர் போகலாம். கரை மின்சாரத்தின் எர்த் ஒயர் உங்கள் படகின் நீருக்கடியிலுள்ள உலோகத்தைப் பக்கத்துப் படகுகளின் உலோகத்தோடு இணைக்கிறது. உப்புநீர் நடுவில் இருப்பதால் எல்லாம் சேர்ந்து ஒரு பேட்டரியாக ஆகிவிடுகின்றன, உங்கள் துத்தநாகம் அயலார் படகையும் காத்துக் கரைகிறது. இதற்கு முறையான தீர்வு, எர்த் ஒயரில் கால்வானிக் ஐசோலேட்டர் என்னும் கருவியைப் பொருத்துவது. அது இந்தச் சிறு மின்னோட்டத்தைத் தடுத்து, பழுது நேரும்போது பாயும் பெரும் மின்னோட்டத்தை மட்டும் எர்த்துக்கு விடும்.

சில நாட்களிலேயே துண்டுகள் அழிந்தால் 12 வோல்ட் பக்கத்திலும் கசிவு இருக்கக்கூடும். எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, பேட்டரி ஒயரில் இன்னும் மின்சாரம் பாய்கிறதா என்று மீட்டரால் பாருங்கள். படகின் அடியில் நீரில் நனைந்து கிடக்கும் இணைப்புகளில்தான் அது பெரும்பாலும் அகப்படும். துத்தநாகத்தின் மேல் பெயின்ட் பூசக் கூடாது, பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். நன்னீரில் மட்டும் ஓடும் படகுக்குத் துத்தநாகத்தைவிட மக்னீசியமே பொருந்தும்.

எர்த் ஒயர் இல்லாத படகில் கரை மின்சாரம் எங்கேனும் உலோகத்தில் பட்டால், அது வெளியேற நீரைத் தவிர வேறு வழி கிடைக்காது. நன்னீரைவிட மனித உடல் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால், ஏரியிலும் ஆற்றிலும் அருகில் நீந்துபவரின் தசைகள் செயலிழந்து, அவர் குரல் எழுப்பக்கூட இயலாமல் மூழ்கிவிடுவார். ஆகவே கரை மின்சாரம் தொடர்பான வேலையைத் தகுதிபெற்ற மின்பணியாளரிடமே விடுங்கள். கசிவு மின்சாரத்தைக் கண்டதும் துண்டிக்கும் பிரேக்கர் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டு, இல்லையென்றால் பொருத்தச் சொல்லுங்கள். கரை மின்சாரம் இணைந்திருக்கும் படகுகளுக்கு அருகில் யாரையும் நீரில் இறங்க விடாதீர்கள். எவரேனும் நீரில் துடித்தால் பின்னால் குதிக்காமல், முதலில் கரை இணைப்பை அணைத்து, மிதவையை வீசி இழுங்கள்.